காமிரா வாங்கினால் போதுமா?

வீட்டுக்கு ஒரு நல்ல காமிரா வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அல்லது வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணம். மகளுக்குக் கல்யாணம் வருகிறது. பாட்டிக்கு எண்பது வயது ஆகிவிட்டது. பேரனுக்கு இப்போதுதான் பல் முளைத்திருக்கிறது. இவற்றை எல்லாம் படம் பிடித்து வைக்க வேண்டும் என்பது ஆசை. நல்ல ஆசைதான்!

கடைக்குப் போகிறார்கள். காமிராவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தோடு செலவு முடிந்ததா? இல்லை. அங்கேதான் தொடங்குகிறது!

"சார்! இதோடு ஒரு நீள லென்சு, ஒரு பை, ஒரு முக்காலி, ஒரு பில்டர், துடைக்கிற துணி எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்து விடுகிறேன். பின்னால் தனித்தனியாக வாங்கினால் அதிக விலை ஆகும்" என்கிறார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். மனைவி பணப்பையைப் பார்க்கிறார். "இவ்வளவு கொடுத்தாகி விட்டது. இதற்கு ஏன் யோசிக்க வேண்டும்?" என்று வாங்கி விடுகிறார்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பழமொழி இருக்கிறது. காமிரா விஷயத்தில் அது அப்படியே பலித்து விடுகிறது.

இந்தச் சாமான்கள் எல்லாமே வீண் என்று நாம் சொல்லவில்லை. சில, காமிராவைப் போலவே முக்கியம். சில, வாங்கிய அன்றோடு அலமாரிக்குப் போய்விடும். எது எந்த வகை என்று தெரிந்து வாங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கண்ணாடி இல்லாத காமிரா

இப்போது கடைகளில் விற்கும் சிறிய, நல்ல காமிராக்களை "மிரர்லெஸ்" காமிரா என்கிறார்கள். "உள்ளே கண்ணாடி இல்லாதது" என்று பொருள்.

முன்பு கல்யாண வீடுகளில் போட்டோகிராபர்கள் வைத்திருந்த பெரிய காமிராவுக்குள், முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒரு சிறு கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்சு வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பிவிடும். படம் எடுப்பவர் மேலே உள்ள துளை வழியாகப் பார்ப்பார். பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி "டப்" என்று மேலே போகும்.

புது வகைக் காமிராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்சு வழியாக வரும் ஒளி, நேராகப் படம் பதியும் தகட்டில் விழுகிறது. அங்கு விழும் காட்சி பின்னால் உள்ள திரையில் தெரிகிறது. பானசோனிக் கம்பெனி 2008-ம் ஆண்டில் "ஜி 1" என்ற காமிராவை இந்த முறையில் கொண்டு வந்தது. பிறகு சோனி, பியூஜி, நிக்கான், கேனன் எல்லோரும் இதே வழிக்கு வந்தார்கள்.

கண்ணாடி போனதால் காமிரா மெலிந்தது. எடை குறைந்தது. பெண்களும் மாணவர்களும் கைப்பையில் வைத்து எடுத்துப் போகலாம் என்று ஆயிற்று.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். கேனன் கம்பெனி 2023-ல் "ஆர் 50" என்ற காமிராவை வெளியிட்டது. பாட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து அதன் எடை 375 கிராம்தான். அதோடு வரும் லென்சு 130 கிராம். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ! இந்தக் கட்டுரையில் இந்தக் காமிராவையே எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். மற்ற கம்பெனிக் காமிராக்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

வாய் பொருந்துமா?

லென்சைத் திருகி மாட்டும் வளையத்தைக் காமிராவின் "வாய்" என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் வாய் வேறு. சோனி லென்சு நிக்கான் காமிராவில் நேராக ஏறாது. பியூஜி லென்சு கேனனில் ஏறாது.

இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத செய்தி வேறு ஒன்று இருக்கிறது. ஒரே கம்பெனியிலேயே பல வாய்கள் உண்டு!

கேனன் கம்பெனியின் பழைய பெரிய காமிராக்களின் வாய்க்கு "ஈ.எப்." என்று பெயர். 2012-ல் சிறிய காமிராக்களுக்காக "ஈ.எப்-எம்" என்ற வாய் வந்தது. 2018-ல் "ஆர்.எப்." என்ற புது வாய் வந்தது. "ஆர் 50" காமிராவுக்கு இருப்பது இந்த மூன்றாவது வாய்.

"எம் 50" என்ற காமிரா 2018-ல் வந்தது. நம் ஊரிலும் பலர் வாங்கினார்கள். அதன் லென்சுகளைச் சிலர் இப்போது குறைந்த விலைக்கு விற்கிறார்கள். "கேனன் லென்சுதானே, நம் கேனன் காமிராவில் ஏறாதா?" என்று நம்பி வாங்கினால் பணம் போச்சு! எம் 50-ன் லென்சு ஆர் 50-ல் ஏறாது. இடையில் வளையம் போட்டும் மாட்ட முடியாது.

ஏன்? வாய்க்கும் படத் தகட்டுக்கும் நடுவே குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். அது மாறினால் படம் தெளியாது. ஈ.எப்-எம் லென்சுக்கு அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர். ஆர்.எப். காமிராவிலோ வாயில் இருந்து தகடு 20 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்சை இன்னும் 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால்தான் சரியாகும். வாய்க்குள் எப்படித் தள்ளுவது?

பழைய பெரிய ஈ.எப். லென்சின் கதை வேறு. அதற்கு வேண்டிய தூரம் 44 மில்லிமீட்டர். புதுக் காமிராவில் 20 இருக்கிறது. மீதி 24 மில்லிமீட்டருக்கு நடுவே ஒரு வளையத்தைப் போட்டால் சரியாகி விடுகிறது. அந்த வளையத்தைக் கேனன் கம்பெனியே விற்கிறது. அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ பழைய ஈ.எப். லென்சு சும்மா கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம்!

எனவே லென்சு வாங்கும் முன் முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனி?" என்பது அல்ல. "இது என் காமிராவின் வாய்க்குப் பொருந்துமா?" என்பதுதான். கேட்பதோடு நிற்காமல், காமிராவைக் கடைக்கே எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள்.

எண்களைப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள்

லென்சின் மேல் எண்கள் எழுதியிருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு எண்களைப் புரிந்து கொண்டால் போதும்.

முதல் எண், "எவ்வளவு அகலம் படத்தில் விழும்?" என்பதைச் சொல்கிறது. எண் சிறியது என்றால் அகலம் அதிகம். எண் பெரியது என்றால் அகலம் குறைவு. தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்தது போலத் தெரியும்.

ஆர் 50 காமிராவோடு வரும் லென்சில் "18-45" என்று இருக்கும். நீங்கள் 10 அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 18-ல் வைத்தால் 12 அடி அகலம் படத்தில் விழும். சோபாவில் இருப்பவர்களும் பக்கத்தில் நிற்பவர்களும் எல்லோரும் வந்து விடுவார்கள். 45-ல் வைத்தால் 5 அடி அகலம்தான் விழும். இரண்டு பேர் வருவார்கள்.

இரண்டாவது எண், "எவ்வளவு ஒளி உள்ளே வரும்?" என்பதைச் சொல்கிறது. இதற்கு முன்னால் "எப்" என்ற எழுத்து வரும். இது சன்னல் மாதிரி. எண் சிறியது என்றால் சன்னலைப் பெரிதாகத் திறக்கலாம். எண் பெரியது என்றால் சன்னல் சிறியது.

காமிராவோடு வரும் லென்சில், 45-ல் வைக்கும்போது இந்த எண் எப் 6.3. சிறிய சன்னல். வெயிலில் எடுக்க இது தாராளம். வீட்டுக்குள், மாலை நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் எடுக்கப் போதாது. குழந்தை கையை ஆட்டினால் கை கலங்கிப் போய்விடும்.

ஒரு சிறிய லென்சு

எப் 1.8 என்று எழுதிய சிறிய லென்சு ஒன்று இருக்கிறது. கேனனில் "50 மில்லிமீட்டர், எப் 1.8" என்பார்கள். எடை 160 கிராம். பார்க்க ஒரு டம்ளரைவிடச் சிறியது. "இதற்கா இந்த விலை?" என்று தோன்றும்.

ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள். எப் 6.3-ஐவிட எப் 1.8-ல் 12 மடங்கு ஒளி உள்ளே வருகிறது! முதல் லென்சுக்கு ஒரு நொடியில் 10-ல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுகிறது என்றால், இதற்கு 120-ல் ஒரு பங்கு போதும். அந்த நேரத்துக்குள் குழந்தை எவ்வளவு ஆட முடியும்? சிரிப்பு சிரிப்பாகவே பதியும்.

"என் லென்சில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது, நல்லதுதான். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். குழந்தையின் ஓட்டத்தைத் தடுக்காது. அதற்கு ஒளிதான் வேண்டும்.

இந்த லென்சுக்கும் ஒரு குறை உண்டு. 10 அடியில் நின்றால் நாலரை அடி அகலம்தான் படத்தில் விழும். சின்ன வீட்டுக் கூடத்தில் குடும்பம் முழுவதையும் இதில் பிடிக்க முடியாது. பின்னால் நகர்ந்தால் சுவர் இடிக்கும்! ஆகவே ஒருவரையோ இருவரையோ எடுக்க இது. பாட்டியின் முகம், மணப்பெண்ணின் அலங்காரம், தூங்கும் குழந்தை - இவற்றுக்கு இதைவிட நல்ல லென்சு இந்த விலையில் கிடைப்பது கஷ்டம்.

கூடத்தில் குடும்பத்தோடு எடுக்க வேண்டும் என்றால் "28 மில்லிமீட்டர், எப் 2.8" என்ற லென்சு இருக்கிறது. எடை 120 கிராம்தான். 10 அடியில் 8 அடி அகலம் விழும். ஒளியும் எப் 6.3-ஐவிட 5 மடங்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. எப் 1.8-ல் வைத்தால், முகம் தெளிவாக இருக்கும். பின்னால் நிற்பவர் மங்கலாகி விடுவார். உறவினர் மூன்று வரிசையாக நின்றால் எண்ணை 5.6-க்கு மாற்றிக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்வரிசையில் நின்ற சித்தப்பா கோபித்துக் கொள்வார்!

நீள லென்சு யாருக்கு?

கடைக்காரர் முதலில் நீட்டுவது நீள லென்சைத்தான். "55-210" என்று எழுதியிருக்கும். கையில் வாங்கினால் பெருமையாக இருக்கும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதனால் பயன் இல்லையா? உண்டு. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 100 அடிக்கு அப்பால் மகள் ஓடுகிறாள். சாதா லென்சில் அவள் எறும்பு போலத் தெரிவாள். இந்த லென்சில் 210-ல் வைத்தால் 10 அடி அகலம்தான் படத்தில் விழும். அவள் முகம் தெரியும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் இது வேண்டும்.

ஆனால் 210-ல் இதன் ஒளி எண் எப் 7.1. கல்யாண மண்டபத்துக்குள் இதைக் கொண்டு போனால் இருட்டுத்தான். 10 அடியில் நின்று எடுத்தால் ஒரு அடி அகலம்தான் விழும். மாப்பிள்ளையின் மீசை விழும், மாலை விழாது!

வெளியில், பகலில், தூரத்தில் இருப்பதை அடிக்கடி எடுப்பவர் வாங்கட்டும். மற்றவர்கள் பொறுக்கலாம்.

ஒரு மாதம் பொறுங்கள்

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? இதற்கு விடை கடைக்காரரிடம் இல்லை. எங்களிடமும் இல்லை. உங்கள் காமிராவிலேயே இருக்கிறது!

காமிராவோடு வந்த லென்சை மட்டும் வைத்துக் கொண்டு ஒரு மாதம் படம் எடுங்கள். வீட்டில் எடுங்கள். கோவில் திருவிழாவில் எடுங்கள். தெருவில் எடுங்கள். ஒவ்வொரு படத்தையும் லென்சில் எந்த எண்ணில் வைத்து எடுத்தீர்கள் என்பதைக் காமிரா தானாகவே குறித்து வைக்கிறது. படத்தைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ போட்டு, "விவரம்" என்ற பகுதியைப் பார்த்தால் அந்த எண் இருக்கும்.

நல்லதாக வந்த நூறு படங்களை எடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணியில் எழுதி விடும்.

பெரும்பாலும் 18, 20 என்று வந்தால், உங்களுக்கு அகலம்தான் வேண்டும். நீள லென்சு வேண்டாம். எல்லாம் 45 என்றே வந்தால், நீங்கள் இன்னும் பக்கத்தில் போக ஆசைப்படுகிறீர்கள். நீள லென்சைப் பற்றி யோசிக்கலாம். எண் எதுவானாலும், வீட்டுக்குள் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கி இருந்தால், உங்களுக்கு வேண்டியது ஒளி. எப் 1.8 அல்லது எப் 2.8 லென்சு வாங்குங்கள்.

அகலமும் வேண்டும், ஒளியும் வேண்டும், லென்சை மாற்றிக் கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சிக்மா என்ற கம்பெனி 2024 முதல் இந்த வாய்க்கு லென்சு செய்கிறது. "18-50, எப் 2.8" என்ற லென்சு எல்லா எண்ணிலும் எப் 2.8 ஒளி தரும். விலை அதிகம். படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு அது முதலீடு. பொழுதுபோக்காக எடுப்பவர்களுக்கு அது செலவு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அரைக் கிலோவைத் தாங்கும் வார்

லென்சுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள், காமிராவைத் தொங்கவிடும் வாரைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. யானையை வாங்கியவர் அங்குசத்துக்கு யோசிக்கலாமா?

காமிராவோடு பெட்டியில் ஒரு வார் வருகிறது. ஒழுங்காகக் கோத்தால் அதுவே போதும். கோப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாரின் நுனியைக் காமிராவின் காதில் நுழையுங்கள். திருப்பிக் கொண்டு வந்து, கொக்கி வளையத்தின் இரண்டு துளையிலும் நுழைத்து, நுனி உள்பக்கமாக நாலு விரல் அளவு மீதி இருக்கும்படி இழுங்கள். ஒரே துளையில் நுழைத்து விட்டால், ஒரு நாள் மெதுவாக நழுவும். காமிரா கீழே விழும்போதுதான் தெரியும்.

கோத்த பிறகு, மெத்தைக்கு மேலே காமிராவைப் பிடித்துக் கொண்டு, வாரைப் பலமாக இழுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை தையலையும் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் மாற்றி விடுங்கள்.

வாரைக் கழுத்தில் மாலை போல மாட்டுவதைவிட, பூணூல் போலக் குறுக்காக மாட்டுவது நல்லது. குனியும்போது காமிரா ஊஞ்சல் ஆடாது. பஸ்சில் ஏறும்போது கம்பியில் மோதாது. மெல்லிய கயிறு போன்ற வார் அழகாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கும். இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். சின்ன லென்சு மட்டும் மாட்டி நடப்பவர்களுக்கு மணிக்கட்டில் மாட்டும் வார் போதும்.

இன்னொன்றையும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். காமிராவை மேசையில் வைத்தால் வாரைத் தொங்கவிடாதீர்கள். தவழும் குழந்தை அதைப் பிடித்து இழுக்கும். காமிரா உடைந்தால் பணத்தோடு போகும். குழந்தையின் தலையில் விழுந்தால்?

கார்டும் பாட்டரியும்

படங்கள் பதிவாகும் கார்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்டு கெட்டால் கல்யாணமே போச்சு!

பெரிய கார்டு ஒன்றை வாங்குவதைவிடச் சிறிய கார்டு இரண்டு வாங்குங்கள். 64 ஜி.பி. கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் பிடிக்கும். முகூர்த்தத்தை ஒன்றிலும், வரவேற்பை இன்னொன்றிலும் எடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும்.

கார்டின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் படத்தைத் திரும்ப எடுக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு "வி 30" என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும் என்பது அதன் பொருள். வீட்டில் வீடியோ எடுக்க இது போதும்.

போலிக் கார்டுகளும் உலாவுகின்றன. வெளியே ஒரு அளவு எழுதியிருக்கும். உள்ளே அதில் ஒரு பகுதிதான் இருக்கும். பாதி விழாவில் படங்கள் பதியாமல் போகும். தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள்.

பாட்டரி ஒன்று கூடுதலாக வேண்டும். மிரர்லெஸ் காமிராவில் திரை எப்போதும் எரிந்து கொண்டே இருப்பதால் பாட்டரி சீக்கிரம் தீரும். தாலி கட்டும் நேரத்தில் காமிரா அணைந்தால் ஐயர் மந்திரத்தை நிறுத்துவாரா? விமானத்தில் போகிறவர்கள் கூடுதல் பாட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது.

பில்டர், பிளாஷ், முக்காலி

லென்சின் முன்னால் திருகும் "யு.வி. பில்டர்" படத்தை அழகாக்கும் என்பார்கள். டிஜிட்டல் காமிராவில் அந்தக் கதிரைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. பில்டர் வெறும் காவல் கண்ணாடிதான். கடற்கரை மணலில் எடுப்பவர்களுக்கு உதவும். மற்றவர்கள் லென்சின் முன்னால் மாட்டும் "ஹூட்" என்ற குடையை வாங்கலாம். வெயில் கூச்சத்தையும் தடுக்கும்; லென்சு இடித்துக் கொண்டால் அடியையும் அது தாங்கும். பில்டருக்கு அளவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 18-45 லென்சுக்கு 49 மில்லிமீட்டர். 50-க்கு 43. 55-210-க்கு 55. ஒன்று மற்றதில் ஏறாது.

ஆர் 50 காமிராவில் சிறிய பிளாஷ் உள்ளேயே இருக்கிறது. பழைய பெரிய பிளாஷை மேலே மாட்ட வேண்டும் என்றால் "ஏ.டி-ஈ 1" என்ற இடைத் துண்டு தனியாக வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் பிளாஷ் வாங்கி வந்து விழிக்காதீர்கள்.

முக்காலிக்கு அவசரம் இல்லை. குடும்பத்தோடு நீங்களும் படத்தில் வர வேண்டுமா? காமிராவை அலமாரித் தட்டில் வையுங்கள். 10 நொடி தாமதம் வைத்து, ஓடி வந்து நில்லுங்கள். அடிக்கடி தேவைப்பட்டால் பிறகு வாங்கலாம். ஆடாத முக்காலியாக வாங்குங்கள். ஆடுகிற முக்காலி, இல்லாத முக்காலியைவிட மோசம்!

லென்சைத் தின்னும் பூஞ்சை

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காமிராவுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதுதான் ஈரம். ஊறுகாயில் பூஞ்சை பூப்பது போல லென்சுக் கண்ணாடியிலும் பூஞ்சை பூக்கும். சிலந்தி வலை போல இருக்கும். முற்றிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும்.

இதைத் தடுக்க ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவே இருக்கட்டும். மணிகள் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடலாம். அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

தோல் பைக்குள் போட்டு மாதக் கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பட்டுப் புடவைக்கு நடுவே, அந்துருண்டை பக்கத்தில் வைக்கவே கூடாது. அரிசிப் பானையும் வேண்டாம். அதில் தூசிதான் சேரும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, காமிராவை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது!

லென்சை முந்தானையால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். லென்சை மாற்றும்போது காமிராவை அணைத்து, வாயைக் கீழே பார்த்தபடி பிடியுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாததால் படத் தகடு திறந்தே இருக்கும். அதை விரலால் தொடவே கூடாது. மழை வந்தால் மூடி விடுங்கள். இந்தக் காமிராவில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு கிடையாது.

பில் கேளுங்கள்

விலையைக் குறைத்துக் கொடுப்பதாகச் சொல்லி, வேறு நாட்டுக்கு என்று வந்த சரக்கைச் சிலர் விற்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயரும், அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். இது சட்டம். அது இல்லாத பெட்டியை வாங்கினால், பழுது வந்தபோது இந்தியாவில் உள்ள சர்வீஸ் நிலையத்தில் இலவசமாகப் பார்க்க மாட்டார்கள்.

கட்டாக விற்கும் சாமான்களுக்கும் தனித்தனி விலை போட்டுப் பில் கேளுங்கள். எது எவ்வளவு என்று தெரிந்தால்தான், எது வேண்டாம் என்று சொல்ல முடியும். தனி விலை சொல்ல மறுத்தால் கட்டையே மறுத்து விடுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த லென்சு இன்ன வாய்க்குப் பொருந்தும்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு வரி எழுதுவதால் உங்களுக்கு நட்டம் இல்லை. வந்தவர் நாளைக்கும் உங்கள் கடைக்கே வருவார்.

எதை முதலில் வாங்குவது?

முதல் நாளே வாங்க வேண்டியவை: நல்ல கார்டு இரண்டு, கூடுதல் பாட்டரி ஒன்று, டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், ஊதுகுழல், துணி. பெட்டியில் வந்த வாரை ஒழுங்காகக் கோத்துக் கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து: உங்கள் படங்கள் சொல்லும் லென்சு ஒன்று. ஒன்றே ஒன்று!

மீதிப் பணத்தை என்ன செய்வது? போட்டோக் கடைக்குப் போய்ப் படங்களைத் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். கார்டு கெடும். போன் தொலையும். பாட்டியின் படம் சுவரில் இருந்தால் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்காகத்தானே காமிரா வாங்கினீர்கள்?